இடப்பக்கப் பின்சில்லு

உங்களுக்கும் முழங்கால் மடக்க முடியாத வயது வந்திருக்கும். நிலத்தில் இருந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். எழும்பிய பிறகு எதற்கு எழும்பினோம் என்பது மறந்துபோகும். ஆகவே நான் முற்றத்தில் குந்தியிருந்து கார் திருத்தினேன் என்று சொன்னால் ஒருவரும் நம்பமாட்டீர்கள். குந்தியிருந்தவன் என் மகன். நான் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் தன் காருக்குப் பிறேக் கட்டை மாற்றினான். கராச்சில் விட்டால் இன்றைக்கு வா, நாளைக்கு வா என்பார்களாம். கைத்தொலைபேசியை ஒரு கல்லில் சாய்த்துவைத்து, அதில் யாரோ செய்துகாட்டுவதைப் பார்த்துப் பார்த்துச் செய்தான். மற்றச் சில்லுகள் ஒழுங்காகக் கழன்றுவிட்டன. கடைசிச் சில்லில் ஒரு நட்டு மட்டும் அசையமாட்டேன் என்றது. ஒரு டின்னை எடுத்து அதன்மேல் எதையோ விசிறிவிட்டு, "கொஞ்சம் ஊறட்டும் அம்மா" என்று எழும்பினான்.

ஊறட்டும். அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவோ காலம். டின்னில் இருந்தது ஏதோ வாசனைத் தைலம் போல மணத்தது, ஆனால் என் மூக்குக்கு மண்ணெண்ணெய்தான் வந்தது. மண்ணெண்ணெயோடு அப்பா வந்தார், அம்மா வந்தார், அக்கா வந்தாள், எங்கள் பச்சைக் காரும் வந்தது.

யுத்தத்தில் எங்கள் பக்கத்துக்குப் பெற்றோலும் மின்சாரமும் வராத பொருளாதாரத் தடைக் காலம் என்று சொன்னால் எங்கள் வயதுக்காரருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து எரித்த விளக்கு, சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு உழக்கி டைனமோவில் கேட்ட வானொலிச் செய்தி, எல்லாம் உங்களுக்கும் தெரியும். அன்றைக்கு ஓடிய கார்களையும் நினைவிருக்கும். இரண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி இயந்திரத்தை உசுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். எங்கள் கார் இணுவில் ஒழுங்கைக்குள் திரும்பும்போது கண் எரியும் ஒரு புகை முதலில் வரும், கார் பிறகு வரும்.

அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதராக இருந்தார். அதிகம் கதைக்கமாட்டார். ஒன்றைக் கேட்டால் பதில் வருவதற்குள் நாங்கள் கேட்டதை மறந்துவிடுவோம். "வாய்க்குள்ள என்ன, கொழுக்கட்டையோ?" என்று அம்மா கேட்பார். அதற்கும் பதில் வராது. அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துக் கதைத்துக்கொள்வார். அப்பாவின் பக்கத்தில் சும்மா இருந்து பொழுதுபோக்கக் கூடியவள் அக்கா மட்டும்தான். அவர் கார்க் கண்ணாடியைத் துடைத்தால் அவள் தண்ணீர் ஊற்றுவாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் ஒரு மணித்தியாலம் நிற்பார்கள். எனக்கு அது அலுப்பாக இருக்கும். நான் பள்ளிப் பிள்ளை, அக்கா அப்போது படிப்பை முடித்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் புரட்டாதியில் வல்லிபுரக் கோயில் கடல் தீர்த்தத்துக்குப் போனோம். அதுதான் நாங்கள் எல்லோரும் காரில் ஒன்றாகப் போன கடைசிப் பயணம் என்று அப்போது தெரியாது. போகிற வழியில் இடப்பக்கப் பின்சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது. அம்மாவும் நானும் ஒரு வேலியோரம் நிழலில் இருந்து புளிச்சோறு தின்றோம். அப்பாவும் அக்காவும் சில்லு மாற்றினார்கள். அக்கா ஸ்பானரில் ஏறி நின்று குதித்ததும், பாவாடைக் கரையில் கறுப்பு எண்ணெய் பிரண்டதும், அதற்கு அம்மா ஏசியதும் நினைவிருக்கிறது. அங்கே போய் அப்பா ஈரமணலில் காரை விட, அலை வந்து சில்லெல்லாம் நனைத்துவிட்டுப் போனது. உப்புத் தண்ணீரைக் கழுவ வேண்டும், கழுவ வேண்டும் என்று திரும்பிவரும் வழியெல்லாம் அம்மா சொன்னார். வந்த பிறகு எல்லோரும் மறந்துவிட்டோம்.

அந்த மாதக் கடைசியில்தான் மாமா ஒரு படத்தோடு வந்தார். மாமா அம்மாவின் தமையன். நினைத்ததை முடிக்கிற ஆள், நல்லவர், உரத்த குரல். படத்தில் கனடாவில் பனிக்கு நடுவே ஒரு இளைஞர் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார். சாதகம் பொருந்திவிட்டது. பெண்ணைக் கொழும்புக்குக் கொண்டுவந்தால் மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். "இஞ்சை வைச்சிருந்து என்ன செய்யப்போறியள்? செல்லடிக்கும் குண்டு போடுற பொம்பருக்கும் காட்டவோ?" என்று மாமா கேட்டார்.

அக்காவிடம் கேட்டார்கள். "நீங்கள் சொல்லுறபடி" என்றாள். பெண் சம்மதித்துவிட்டாள் என்று அம்மா உடனே சாமியறையில் கற்பூரம் கொளுத்தினார். அப்பா படத்தை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "நல்ல பெடியன் போலதான் கிடக்கு" என்று சொல்லி, படத்தைக் கவிழ்த்து மேசையில் வைத்தார்.

போகும் வழி கிளாலிக் கடல்தான். இருட்டிய பிறகு வள்ளத்தில் கடக்க வேண்டும். போனவர்களில் எல்லோரும் கடற்படைக்குத் தப்பிக் கரை சேர்ந்ததில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். மார்கழி பிறப்பதற்குள் தாலி கட்ட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்தினார்கள். மாமா பஞ்சாங்கத்தைப் புரட்டி, கிழக்குச் சூலம் இல்லாத நாளாகப் பார்த்து ஒரு புதன்கிழமையைக் குறித்தார். "பொன் கிடைச்சாலும் புதன் கிடையாது" என்றார். கொழும்புவரை தானே கூட்டிப்போவதாகவும் சொன்னார். கிளாலிக் கரைவரை எங்கள் காரில் போவதென்று முடிவானது. ஊர்ச் சனமெல்லாம் சைக்கிளில்தான் கிளாலிக்குப் போய்வந்தது. ஆனால் கலியாணத்துக்குப் போகிற பெண் காரில்தான் வாசல் படலை தாண்ட வேண்டும் என்பதில் அம்மா பிடித்த பிடியாக நின்றார்.

அதற்கு முந்தின வாரம்தான் பிறேக் போனது. அப்பா ஒழுங்கைக்குள் திரும்பி மிதித்திருக்கிறார், கால் அடிமட்டம் போயிருக்கிறது. கார் நேரே வந்து எங்கள் சொந்தக் கிடுகு வேலியில் மூக்கைக் குத்தி நின்றது. இடப்பக்கப் பின்சில்லுக்குள் இருந்து பிறேக் ஒயில் ஒழுகி மண்ணில் ஒரு கறுப்புக் கோடு. மாமா எங்கேயோ அலைந்து அரைப் போத்தல் பிறேக் ஒயில் கொண்டுவந்து யன்னலடியில் வைத்தார். அந்தக் காலத்தில் அது அமிர்தம். கராச்காரர் ஊரைவிட்டுப் போய்விட்டதால் அப்பாவே பின்பக்கம் இரண்டு சில்லையும் கழற்றிப் பார்ப்பது என்றானது.

ஞாயிற்றுக்கிழமை வலப்பக்கச் சில்லைக் கழற்றினார். அது கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு வந்துவிட்டது. உள்ளே இருந்த கரித்தூசை அம்மாவின் கிழிந்த சீலைத் துண்டால் துடைத்தார். அந்தத் தூசின் மணம் சூடான இரும்பும் எரிந்த மயிரும் கலந்தது போல இருந்தது. பிறகு இடப்பக்கம் வந்தார். ஸ்பானரைப் பூட்டித் திருப்பினார். அசையவில்லை. அடுத்த நட்டும் அசையவில்லை. எல்லா நட்டையும் பார்த்துவிட்டு, "உப்புப் பிடிச்சிட்டுது" என்றார்.

"இஞ்சேருங்கோ, புதன்கிழமைக்கிடையில கழருமோ?" என்று அம்மா கேட்டார்.

"மண்ணெண்ணெய் விட்டு ஊறவைக்க வேணும்."

மண்ணெண்ணெய் என்றால் அம்மாவுக்கு உயிர் போகும். விளக்குப் போத்தலில் இருந்து இருமல் மருந்து மூடியில் அளந்து ஊற்றிக் கொடுத்தார். அப்பா ஒரு கோழிச் செட்டையில் தொட்டு ஒவ்வொரு நட்டிலும் தடவினார். "ஊறட்டும்" என்றார். அன்றிரவு எங்கள் விளக்கின் திரி இறக்கப்பட்டது. திங்கட்கிழமை மறுபடி ஒரு மூடி. மறுபடி "ஊறட்டும்". அப்பா ஸ்பானரோடு மல்லுக்கட்டினார், கழுத்து நரம்பு புடைத்தது, வேர்வை சொட்டியது. யாரும் அவரைக் குறைசொல்ல முடியாது.

முன்வீட்டு வாத்தியார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். இரும்பு சூட்டில் விரியும் என்று எங்களுக்குத் தெரிந்ததையே சொல்லிவிட்டு, சிரட்டைக் கரி மூட்டிக் கொண்டுவரச் சொன்னார். குறட்டால் தணலைப் பிடித்து நட்டில் வைத்தார்கள். நட்டு அப்படியே இருந்தது, ரயர்தான் கருகி மணந்தது. "இன்னும் சூடு காணாது" என்று வாத்தியார் சொல்ல, அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தார்.

அக்காவும் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அப்பா வேலை செய்த அந்த நாட்களில் அவள் கொண்டுவந்த தேத்தண்ணிக்குக் கணக்கில்லை. பனங்கட்டித் துண்டைக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்து நீட்டுவாள். கொடுத்துவிட்டுப் போகமாட்டாள். அவர் குடித்து முடித்து மறுபடி ஸ்பானரைப் பூட்டும்வரை நிற்பாள்.

"கழரேல்லையோ அப்பா?"

"இல்லைப் பிள்ளை."

"இந்தப் பக்கம்தானே திருப்புறது?"

"ஓம். இந்தப் பக்கம்தான்."

அவர் நிமிரவில்லை. கோழிச் செட்டையை மூடியில் தொட்டுக்கொண்டிருந்தார். மூடியில் ஒன்றும் இருக்கவில்லை. அக்கா வெறும் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு அப்போது பனங்கட்டியில்தான் கண்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மாமா பொறுமை இழந்துவிட்டார். தண்ணீர்க் குழாய்த் துண்டொன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். ஸ்பானரின் பிடியில் குழாயைச் செருகினால் நெம்பு நீளும், பிறகு எந்த நட்டும் நிற்காது என்றார். "எந்தப் பக்கம் மச்சான்?" என்று கேட்டார். அப்பா கையால் காட்டினார். மாமா சாரத்தை மடித்துக் கட்டி, குழாயின் நுனியில் ஏறி நின்று முழுப் பாரத்தையும் போட்டார்.

'டங்' என்று ஒரு சத்தம். மாமா மண்ணில் கிடந்தார். நட்டு கழரவில்லை. போல்டே முறிந்து, நட்டோடு சேர்ந்து உருண்டு கழிவுநீர்க் கானுக்குள் போய்விட்டது.

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு படியில் இருந்துவிட்டார். மாமா முழங்கையைத் தடவிக்கொண்டு எழும்பி, "பிறேக் இல்லாட்டி என்ன, மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு போவம் மச்சான்" என்றார்.

"பிறேக் இல்லாத காரிலை பிள்ளையை ஏத்தேலாது" என்றார் அப்பா. அந்த மூன்று நாளில் அவர் சொன்ன ஆக நீளமான வசனம் அதுதான்.

"அப்ப நாளைக்குப் பயணம் இல்லையோ? நாள் தப்பினா மாப்பிள்ளை வீடு என்ன சொல்லும்?" என்று அம்மா அழத் தொடங்கினார். அப்பா முறிந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

அக்கா வாசலில் நின்றாள். "நான் சைக்கிள்ல போறன்" என்றாள்.

"கலியாணத்துக்குப் போற பிள்ளை கரியரிலை இருந்து போறதோ? சனம் என்ன சொல்லும்?"

"சனமும் சைக்கிள்லதானே அம்மா போகுது."

சொல்லிவிட்டு அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் எழும்பினார். சாம்பல் போட்டுக் கையைக் கழுவினார். சைக்கிளைச் சுவரில் இருந்து எடுத்து, மிஞ்சிய மண்ணெண்ணெயைச் சங்கிலிக்கு விட்டு, பின்சில்லுக்குக் காற்றடித்தார். அந்தப் பம்பின் புஸ் புஸ் என்ற சத்தம் நெடுநேரம் கேட்டது.

புதன்கிழமை காலை நல்ல நேரத்துக்கு அக்கா படலை தாண்டினாள். மாமா சூட்கேசைத் தன் சைக்கிளில் கட்டிக்கொண்டு முன்னால் போனார். அப்பா உழக்க, அக்கா கரியரில் சாக்கு மடித்துப்போட்டு இருந்து போனாள். புதுச் சீலை சில்லுக்குள் சிக்காமல் இருக்க ஒரு கையால் கொய்யகத்தைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். அம்மா ஒழுங்கை முடக்குவரை அழுதுகொண்டே பின்னால் ஓடினார். பச்சைக் கார் வலப்பக்கப் பின்சில்லில்லாமல் ஜாக்கியில் நின்றது. அடுத்த நாள் மத்தியானம் அப்பா தனியே திரும்பிவந்து, "வள்ளத்திலை ஏறிப் போட்டினம்" என்றார். சோறு வேண்டாம் என்றுவிட்டுப் படுத்தார்.

அந்தக் கார் அதன் பிறகு ஓடவில்லை. இடம்பெயர்ந்து போனபோது அப்படியே விட்டுவிட்டுப் போனோம். திரும்பிவந்தபோது கார் இல்லை, யன்னலடிப் பிறேக் ஒயில் போத்தலும் இல்லை, யன்னலே இல்லை. ஜாக்கி நின்ற இடத்தில் நிலம் மட்டும் கொஞ்சம் பதிந்திருந்தது. அப்பாவும் திரும்பி வரவில்லை. இடம்பெயர்ந்திருந்த வீட்டில், தென்மராட்சியில், காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அக்காவுக்குத் தகவல் கிடைத்தபோது முப்பத்தோராம் நாள் அந்திரட்டியும் முடிந்துவிட்டது.

அம்மா நெடுங்காலம் இருந்தார். அப்பாவைப் பற்றிக் கதை வந்தால் எப்போதும் அதே இடத்தில் போய் நிற்பார். "என்ரை பிள்ளையைச் சைக்கிள் கரியரிலை அனுப்பின மனுசன். ஒரு நட்டுக் கழட்டத் தெரியாது." என் கணவர் முதன்முதலில் வீட்டுக்கு வந்தபோதும் அவரிடம் கேட்ட கேள்வி, "தம்பிக்கு நட்டுக் கழட்டத் தெரியுமோ?" என்பதுதான். நாங்கள் எல்லோரும் சிரிப்போம். எங்கள் வீட்டில் கையாலாகாத வேலைக்கெல்லாம் அப்பாவின் நட்டு என்று பெயராகிவிட்டது.

அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை, மகனின் நட்டு ஊறிக்கொண்டிருந்தபோது, அக்காவுக்கு அழைப்பு எடுத்தேன். அங்கே விடிந்துகொண்டிருந்தது. அவளும் கிழவியாகிவிட்டாள், பல்லைப் போடாமல் திரைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, அப்பாவின்ரை நட்டு இஞ்சை திரும்பி வந்திட்டுது" என்று சொல்லிச் சிரித்தேன். கமராவைத் திருப்பி முற்றத்தைக் காட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"அப்பா அதை எந்தப் பக்கம் திருப்பினவர், ஞாபகம் இருக்கோ?"

"எல்லாரும் திருப்புற பக்கம்தான். வலப்பக்கச் சில்லுக்குத் திருப்பின மாதிரி."

"அந்தக் காருக்கு இடப்பக்க நட்டெல்லாம் மறுவளம். மற்றப் பக்கம் திருப்பினாத்தான் கழரும். இந்தப் பக்கம் திருப்பினா இறுகும். ஓட்டத்திலை தன்பாட்டிலை கழராமல் இருக்க அப்பிடிச் செய்து விட்டவங்களாம். எனக்குச் சொல்லித்தந்ததே அப்பாதான். வல்லிபுரக் கோயிலுக்குப் போகேக்கை நான்தானே ஸ்பானர்ல ஏறி நிண்டனான்."

"மறந்திருப்பார் அக்கா" என்றேன்.

"ஒரு மாதத்துக்குள்ளையோ? நான் பக்கத்திலை நிண்டு, இந்தப் பக்கம்தானே எண்டு கேட்டனான். மறந்த மனுசன் ஏன் என்ரை முகத்தைப் பார்க்கேல்லை?"

முற்றத்தில் மகன் ஸ்பானரைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான்.

"தெரிஞ்சால் அப்பவே சொல்லியிருக்கலாமே."

"என்னத்தைச் சொல்லுறது? அவருக்கு என்னை அனுப்ப மனமில்லை. அதை வாயாலை சொல்லுவார் எண்டு பார்த்துக்கொண்டு நிண்டனான். எத்தினை தரம் தேத்தண்ணி கொண்டு வந்தனான். சைக்கிள்ல போறன் எண்டு ஏன் சொன்னனான் தெரியுமோ? அப்பவாவது வேண்டாம் எண்டுவார் எண்டு." அவள் கண்ணாடியைக் கழற்றி மேற்சட்டையில் துடைத்தாள். "அவர் எழும்பிப் போய்க் காத்தடிச்சார்."

"வழியிலை ஒண்டும் சொல்லேல்லையோ?"

"கிளாலி மட்டும் அவற்றை முதுகைத்தான் பார்த்துக்கொண்டு போனனான். சட்டை நனைஞ்சு ஒட்டிப்போய்க் கிடந்தது. இந்த முடக்கிலை சொல்லுவார், அடுத்த முடக்கிலை சொல்லுவார் எண்டு நினைச்சன். நான் கெட்டுப் போகேல்லையடி, உன்ரை அத்தான் தங்கமான மனுசன், பிள்ளையளும் நல்லா இருக்குதுகள். எண்டாலும் அப்பா ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் நிண்டிருப்பன். ஒரே ஒரு சொல்லு."

அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் கதைக்க வரவில்லை. அப்பாவின் பிள்ளைகள்தானே. அவள், தேத்தண்ணி வைக்க வேணும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"அம்மா, கழண்டிட்டுது" என்று மகன் முற்றத்தில் இருந்து சொன்னான். நட்டை எடுத்து எனக்குத் தூக்கிக் காட்டினான். தலையை ஆட்டினேன்.

கதிரையைப் பிடித்து மெல்ல எழும்பி உள்ளே போனேன். இந்தமுறை எதற்கு எழும்பினேன் என்பது மறக்கவில்லை. சாமியறைப் பக்கச் சுவரில் அம்மாவின் படம் பெரிதாக இருக்கிறது. அப்பாவின் படங்கள் எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன. அடையாள அட்டையில் இருந்து பெருப்பித்த ஒன்று மட்டும் பக்கத்தில் சின்னதாகத் தொங்குகிறது, முகம் சரியாகத் தெரியாது. இரண்டு பேருக்கும் முன்னால் நின்றேன்.

"அம்மா, அப்பாவுக்கு நட்டுக் கழட்டத் தெரியும்" என்று சொன்னேன்.